விற்பனைக் கணக்கும் வாசக நெஞ்சமும்

1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு வாக்கெடுப்பின் முடிவு வெளியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நூல் எது என்று வாட்டர்ஸ்டோன்ஸ் என்னும் புத்தகக் கடை நிறுவனமும் ‘சேனல் 4’ தொலைக்காட்சியும் சேர்ந்து வாசகர்களைக் கேட்டிருந்தன. ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் விடை எழுதினர். முதலிடம் பெற்ற நூல் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. மாயாவிகளும் நடமாடும் மரங்களும் அரையாள் உயரச் சிற்றுருவினரும் உலவுகிற கதை! இலக்கிய வட்டாரம் அதிர்ந்தது. பொதுமக்களின் சுவை இவ்வளவு தாழ்ந்துவிட்டதா என்று புலம்பினோர் பலர். மக்களுக்கு எழுத்தறிவு புகட்டியதே பிழையோ என்று ஏளனம் செய்தவரும் உண்டு. 2003இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பிலும் அதே நூல் முதலிடம் பெற்றது. ஏளனமும் தொடர்ந்தது.

அந்த ஏளனத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஆனால் ஏளனம் செய்தோரை மறுப்பதால், விற்பனைத் தொகையைக் காட்டி வாய் மூடச் செய்வோரின் பக்கம் நான் நிற்பதாக எவரும் எண்ண வேண்டா. ‘மிகுதியாக விற்பது குப்பை’ என்பது ஒரு மூடநம்பிக்கை. ‘மிகுதியாக விற்பதே மேன்மை’ என்பது மற்றொரு மூடநம்பிக்கை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே நூலைத் திறந்து பாராமல், கடைக்காரரின் கணக்கேட்டைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றன.

முதலில் அறிஞர்களின் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். வாக்களித்தவர்கள் இலக்கியம் அறியாதவர்கள் என்றனர். அந்தப் பட்டியலை முழுமையாகப் பார்த்தார்களா? இரண்டாமிடமும் மூன்றாமிடமும் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றுக்கு. நான்காமிடம் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலுக்கு. பேராசிரியர்களே விளக்கவுரையின் துணையோடு படிக்கும் நூல் அது. அதனை நான்காமிடத்தில் வைத்தவர்களை அறியாதார் என்பது எவ்வாறு பொருந்தும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று நூல்களுமே உள்ளதை உள்ளவாறு காட்டும் நடப்பியல் கதைகள் அல்ல. ஒன்று இல்லாத உலகம். ஒன்று அன்று வாராத காலம். மற்றொன்றில் பன்றிகள் பேசி ஆட்சி நடத்துகின்றன. அறிவியல் புனைகதை என்றும் விந்தைக் கதை என்றும் பிரித்துப் பேசப்படும் இவ்வகை எழுத்தை, வசதிக்காக ‘விந்தைப் புனைவு’ என்று ஒரே பெயரால் குறிப்போம். இரு உலகப் போர்களையும் சர்வாதிகாரத்தையும் அணுகுண்டையும் கண்ட ஒரு நூற்றாண்டு, தன் அச்சத்தையும் நம்பிக்கையையும் சொல்ல விந்தைப் புனைவைத் தேடிச் சென்றது. டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். வாசகர்கள் இதனை உணர்ந்தார்கள். உணர மறுத்தவர்கள் திறனாய்வாளர்களே.

மேலும், டோல்கீனை வணிக எழுத்தாளர் என்பது வரலாறு அறியாப் பேச்சு. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய நூல் அது. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக அதனை வெளியிட்ட பதிப்பகத்தார், ஆயிரம் பவுன் வரை இழப்பு நேரலாம் என்று கணக்கிட்ட பிறகே துணிந்தனர். எட்மண்ட் வில்சன் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கத் திறனாய்வாளர் 1956இல் அதனைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று ஒதுக்கினார். விற்பதற்காகச் செய்யப்பட்ட நூல் வேறு. விற்றுப்போன நூல் வேறு. இந்த எளிய வேறுபாட்டைக் காணாத திறனாய்வு எதற்கு?

இனி மறுதரப்பாரிடம் வருவோம். ‘கோடிக்கணக்கானோர் வாங்கியது பொய்யாகுமா?’ என்பது அவர்களது ஒரே படைக்கலம். 2003இல் வெளிவந்து பல கோடிப் படிகள் விற்ற டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ நாவலை எண்ணிப் பாருங்கள். நம் நம்பிக்கையைச் சீண்டியதால் சினந்து பேசுகிறோம் என்பர் சிலர். அந்தச் சினத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, நூலை நூலாகவே பார்ப்போம். அதன் தொடக்கத்திலேயே ‘உண்மை’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம். 1099இல் நிறுவப்பட்ட ஓர் இரகசியச் சங்கம் மெய்யாகவே இருப்பதாக அது அடித்துக் கூறுகிறது. அந்தப் பெயரில் பிரான்சு நாட்டில் ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டதோ 1956இல்தான். அதன் பழம்பெருமைக்குச் சான்று என்று காட்டப்பட்ட ஆவணங்கள் புனையப்பட்டவை.

இங்கேதான் ஒரு வியப்பைக் காண்கிறோம். இல்லாத உலகைப் படைத்த டோல்கீன் எவரையும் ஏமாற்றவில்லை. கற்பனை என்பது வெளிப்படையாகத் தெரியும்படியே அவர் கதை தொடங்குகிறது. அதனுள்ளே பேராசையையும் இரக்கத்தையும் பற்றிய மெய்களைச் சொல்கிறது. நம் உலகின் தெருக்களையும் ஓவியங்களையும் கோவில்களையும் பெயரிட்டுக் காட்டும் விறுவிறுப்பு நாவலோ, உண்மையின் உடையை அணிந்துகொண்டு பொய்யை விற்கிறது. ‘நடக்காததை எழுதுகிறார்கள்’ என்று விந்தைப் புனைவைப் பழிப்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

இதனால் வணிக எழுத்தாளர் எல்லோரும் பொய்யர் என்று முடிவு கட்டிவிடலாகாது. 2003இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை, திகில் நாவல்களால் பெரும்பொருள் ஈட்டிய ஸ்டீபன் கிங்குக்குச் சிறப்புப் பதக்கம் அளித்தது. பேராசிரியர் ஹரால்ட் புளூம் கொதித்தெழுந்து கண்டனம் எழுதினார். கிங்கோ தம் ஏற்புரையில், மக்கள் விரும்பும் எழுத்துக்கும் இலக்கியம் எனப்படும் எழுத்துக்கும் இடையே பாலம் அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளில் நேர்மை இருந்தது.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 2014இல் அதே பதக்கத்தை உர்சுலா லெ குவின் பெற்றார். விந்தைப் புனைவையே வாழ்நாள் பணியாகக் கொண்ட மூதாட்டி அவர். இலக்கியத்தின் வாசலில் ஐம்பதாண்டுகள் நிறுத்திவைக்கப்பட்ட தம் தோழர்களோடு அப்பரிசைப் பகிர்ந்துகொள்வதாகக் கூறினார். அத்தோடு நில்லாமல், புத்தகத்தை வெறும் விற்பனைச் சரக்காக்கி, எதை எழுதுவது என்று எழுத்தாளருக்கு ஆணையிடும் வணிகப் போக்கையும் அதே மேடையில் சாடினார். பண்டிதச் செருக்கு, சந்தைச் செருக்கு ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில் மறுத்த அந்தச் சிற்றுரையே இவ்வழக்குக்கு உரிய தீர்ப்பு என்பேன்.

அப்படியானால் எந்த அளவுகோலைக் கொண்டு நூலை அளப்பது? டோல்கீனின் நண்பர் சி. எஸ். லூயிஸ் 1961இல் ஒரு வழி காட்டினார். நூலை முதலில் எடைபோடாதீர்கள். அந்நூல் எத்தகைய வாசிப்புக்கு இடமளிக்கிறது என்று பாருங்கள் என்றார். ஒருமுறை வாசித்து எறிந்துவிடத் தூண்டுகிறதா? மீண்டும் மீண்டும் தன்னிடம் அழைக்கிறதா?

இந்த உரைகல்லில் இரண்டு நூல்களையும் உரைத்துப் பாருங்கள். ‘டா வின்சி கோட்’டின் புதிர்கள் அவிழ்ந்தபின் மீண்டும் வாசிக்க அதில் ஏதும் எஞ்சுவதில்லை, கூடு இருக்கிறது, பறவை இல்லை. டோல்கீனின் கதையிலோ, தீய மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட சிற்றுருவன் இறுதிக் கணத்தில் மனம் தடுமாறி அதைத் தனதாக்கிக்கொள்கிறான். முன்பு கொல்லாமல் விடப்பட்ட ஓர் இழிந்த பிறவியாலேயே மோதிரம் அழிகிறது. முதல் வாசிப்பில் அது எதிர்பாரா முடிவு. இரண்டாம் வாசிப்பில், கதையின் தொடக்கத்திலேயே இரக்கத்தைப் பற்றி நிகழும் ஓர் உரையாடல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. முடிவின் விதை அங்கேயே ஊன்றப்பட்டிருப்பதைக் கண்டு திகைக்கிறோம். நூல் மாறவில்லை, நாம் வளர்ந்திருக்கிறோம்.

இதே தரத்தில் நிற்கும் இன்னொரு நூல், வால்டர் மில்லர் எழுதிய ‘எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மோன்டே கசினோ மலைமேல் இருந்த புனித பெனடிக்டின் தொன்மையான மடம் குண்டுவீச்சில் தகர்க்கப்பட்டது. அத்தாக்குதலில் பங்குகொண்ட விமானப்படை வீரர்களுள் மில்லரும் ஒருவர். போருக்குப்பின் அவர் கத்தோலிக்கரானார். அணுப்போரில் உலகம் அழிந்தபின், பாலைநிலத்துத் துறவியர் எஞ்சிய காகிதங்களைக் காத்து வருவதாக அமைந்தது அவரது நாவல். ஓர் இளந்துறவி, தனக்குச் சிறிதும் விளங்காத ஒரு மின்சுற்று வரைபடத்தைத் திருநூலுக்குரிய பக்தியோடு ஆண்டுக்கணக்கில் படியெடுக்கிறார். சிரிக்கிறோம்; சிரித்து முடிக்குமுன் கண் கலங்குகிறது. அறிவை மீட்ட மனிதகுலம் அந்த அறிவாலேயே மீண்டும் அழிவை நோக்கிச் செல்வது கதையின் முடிவு. இக்கதையின் பகுதிகள் முதலில் வெளிவந்தது எங்கே தெரியுமா? பல்கலைக்கழக ஏட்டில் அன்று; பொழுதுபோக்குக்காக வாங்கப்பட்ட ஒரு விந்தைக் கதை மாத இதழில். இதழின் தரத்தை மட்டும் பார்த்து நூலைத் தள்ளியவர்கள் இழந்தது எவ்வளவு!

‘விந்தைப் புனைவு யாவும் உயர்ந்தது என்கிறீரா?’ என்று கேட்கலாம். இல்லை. டோல்கீனின் வெற்றிக்குப்பின் வாளும் மந்திரவாதியும் வரைந்த அட்டையோடு வெளிவந்த கதைகளில் பல, அச்சில் வார்த்த பொம்மைகளே. முத்திரையைப் பார்த்துப் பாராட்டுவதும் முத்திரையைப் பார்த்துப் பழிப்பதைப் போன்ற பேதைமைதான். ‘உழைத்துக் களைத்தவனுக்குக் கடினமான நூலை ஏன் பரிந்துரைக்கிறீர்?’ என்றும் கேட்கலாம். களைத்தவன் இளைப்பாறட்டும், இரயில் பயணத்தில் ஒரு துப்பறியும் கதையை வாசிப்பது பாவமன்று. ஆனால் உழைக்கும் மனிதனால் இதற்குமேல் ஏலாது என்று நாமே முடிவு செய்வதில் இரக்கம் இல்லை, இழிவே உள்ளது. ஜீன் உல்ஃப் என்பவர் உருளைக்கிழங்கு வறுவல் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்குவதில் பங்கேற்ற பொறியாளர். பணிக்கிடையே எழுதி, 1980 முதல் ‘தி புக் ஆஃப் தி நியூ சன்’ என்ற நான்கு தொகுதி நாவலை வெளியிட்டார். மறுமுறை வாசிக்கும்போது இன்பம் பெருகுவதே நல்ல இலக்கியம் என்பது அவரது வரையறை. ஆலைத் தொழில்நுட்பம் அறிந்தவர் அத்தகைய நூலை எழுத முடியுமெனில், ஆலையில் உழைப்பவர் அதனை வாசிக்க முடியாதா?

வாசகர் ஒரு வாக்குச்சீட்டும் அல்லர். ஒரு பணப்பையும் அல்லர். அவரை மந்தை என்று இகழ்பவரும், வாடிக்கையாளர் என்று புகழ்பவரும் அவரிடமிருந்து பறிப்பது ஒன்றையே: தாமே தேர்ந்து தெளியும் உரிமையை. 1997இல் விடை எழுதிய அந்த மக்கள் அவ்வுரிமையைப் பயன்படுத்தினர். நாமும் பயன்படுத்துவோம். இன்று மாலை உங்கள் அலமாரியின் முன் சற்றே நில்லுங்கள். எந்த நூலை இரண்டாம் முறை எடுத்தீர்கள்? எந்த நூல் இரண்டாம் முறையும் உங்களுக்குப் புதிதாக ஒன்றைத் தந்தது? அதன் அட்டையில் எத்தனை இலட்சம் படிகள் என்று அச்சிட்டிருந்தாலும் சரி, எந்தப் பேராசிரியர் அதைப் பழித்திருந்தாலும் சரி, அதனை உங்கள் பிள்ளைகளின் கையில் துணிந்து கொடுங்கள்.