புது பேட்டரிக்கு முன்னால்

இரும்பையில் எங்களைப் போன்ற ஓய்வூதியர் வீட்டுக் கார்கள் பெரும்பாலும் சும்மாவே நிற்கின்றன. ஆனால் ராத்திரி நெஞ்சுவலி வந்தால் ஜிப்மருக்கு அதில்தானே போக வேண்டும்? சாவியைத் திருப்பி 'டக் டக்' என்றால் உடனே புது பேட்டரி வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

முதலில் டெர்மினலைப் பாருங்கள். கந்தக அமில ஆவி கசிந்து வெள்ளையாக, பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. கையுறை போட்டு நெகடிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிடிவ். ஆப்பசோடா கரைத்த தண்ணீரை, பேட்டரி மூடிக்குள் இறங்காமல், பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பொங்கி அடங்கும். கழுவித் துடைத்து, நெகடிவைக் கடைசியாக மாட்டி, மேலே வாசலீன் பூசுங்கள். அப்புறமும் கிளம்பாவிட்டால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லலாம்.

மாதாமாதம் பிரஷர், சுகர் பார்க்கிறோம். அன்றைக்கே பானெட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்போமே!