முத்திரை இல்லாத வீடியோ எல்லாம் பொய்யா?

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கன்னு வீடியோக்கள் பரவின. பழைய சண்டைகளும் வேற மாநிலங்களில் எடுத்த காட்சிகளும் அதில் கலந்திருந்தன. அதுக்கு ஏஐகூட தேவைப்படல, மேலே எழுதின வரியை மாத்தினாலே போதும். டிஜிபி மறுப்பு சொல்ல வேண்டி வந்தது. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்தது.

எப்போ எடுத்தது, என்ன எடிட் செஞ்சதுங்கிற விவரம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்திருந்தா? இதுக்குத்தான் சி2பிஏ என்ற தரநிலை இருக்கு. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்ட நிறுவனங்கள் 2021ல் தொடங்கியது. படத்தின் ஹேஷ், எடுத்த நேரம், எடிட் வரலாறு எல்லாத்தையும் சேர்த்து டிஜிட்டல் கையொப்பம் போடுவாங்க. பின்னாடி யாராவது திருத்தினா ஹேஷ் பொருந்தாது. நாம கிரிப்டோகிராஃபி பேப்பர்ல படிச்ச அதே பப்ளிக் கீ விஷயம்தான்.

நல்ல யோசனைதான். ஆனா இது யார் கையில இருக்கு? இந்த வசதியோட 2023ல் வந்த முதல் கேமரா லைகா எம்11-பி. விலை ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். போன்ல பார்த்தா, பிக்சல் 10 மாதிரி விலை கூடின மாடல்களுக்குத்தான் முதல்ல வந்தது. நம்ம தாலுகா நிருபர் கையில இருப்பது நாலு வருஷப் பழைய ஆண்ட்ராய்டு. அவர் அனுப்புற வழி வாட்ஸ்அப். அது வீடியோவைச் சுருக்கும்போதே மெட்டாடேட்டா போயிடும். கஷ்டப்பட்டு முத்திரை போட்டாலும் வாசகர்கிட்ட வந்து சேராது.

இதில் எனக்கு உண்மையான பயம் ஒண்ணு இருக்கு. நாளைக்கு முத்திரை இருந்தாத்தான் நம்புவோம்னு ஒரு பழக்கம் வந்துட்டா, மணல் லாரியைப் படம் பிடிச்ச அந்த நிருபரைப் பார்த்து “இது ஃபேக்”னு சொல்லிட்டுப் போறது ரொம்ப சுலபம். பணக்கார நிறுவனத்தின் படம் நிஜம், ஏழை நிறுவனத்தின் படம் சந்தேகம்னு ஆயிடும். இத்தனைக்கும் முத்திரை சொல்றது கோப்பின் வரலாற்றை மட்டும்தான். முத்திரை உள்ள படத்துக்கும் பொய்த் தலைப்பு வைக்க முடியும்.

அதனால இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம்னு நான் சொல்லல. நாலு விஷயம் கேட்கணும்னு சொல்றேன்.

ஒண்ணு, மலிவான போனிலும் ஓடுற, நெட் இல்லாதப்பவும் கையொப்பம் போடுற ஆப். ரெண்டு, சின்னப் பத்திரிகைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சான்றிதழ். மூணு, மெட்டாடேட்டா போனாலும் வாட்டர்மார்க் வழியா மீட்டெடுக்கிற வசதி. இதுக்கான வேலை ஏற்கனவே நடக்குது. நாலு, பெயரையும் இடத்தையும் மறைக்கும் உரிமை. சி2பிஏ தரநிலையில் எடுத்தவர் பெயர் கட்டாயமில்லை. ஆனா ஆப்பின் டீஃபால்ட் செட்டிங் அதை வெளியிட்டா, போராட்டத்தைப் படம் எடுத்தவர் மாட்டிக்குவார். விட்னஸ் என்ற மனித உரிமை அமைப்பு இந்த ஆபத்தைத் தொடர்ந்து எச்சரிச்சிட்டு வருது.

இதெல்லாம் யாரோ செய்யட்டும்னு இருக்க வேண்டாம். சி2பிஏவுக்கான நிரல்கள் ஓப்பன் சோர்ஸா கிடைக்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் செய்யறதுக்குப் பதிலா, ரெண்டு ஜிபி ரேம் போன்ல ஓடுற ஒரு கையொப்பக் கேமராவை எழுதிப் பாருங்க. சரிபார்க்கும் பக்கத்தைத் தமிழ்ல வைங்க. முடிச்சதும் உங்க ஊர் நிருபர் ஒருத்தர்கிட்ட கொடுங்க. அவர் எங்கே திணறுறாருன்னு பார்த்தாலே அடுத்து என்ன செய்யணும்னு தெரிஞ்சிடும்.