துப்பாக்கியும் ஏழு பேர்ச் நிலமும்

ஒரு நாட்டின் சட்டம் தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டில் ஒருவர் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்க முற்படும்போது அரசாங்கம் அவரிடம் என்ன கேட்கின்றது என்பதைக் கவனித்தாற் போதும். சில நாடுகள், "நீ யார்?" என்று கேட்கும். சில நாடுகள், "உனக்கு என்ன உண்டு?" என்று கேட்கும். இரண்டும் மேலெழுந்தவாரியாக ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், அவற்றிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. நுவரெலியா, ஹற்றன் மலைச்சாரல்களில் வாழும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி அவ்வேற்றுமையைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்து வருகின்றான்.

துப்பாக்கியைப் பற்றிய பேச்சு அண்மைக் காலத்தில் நம் நாட்டிலே ஓங்கி ஒலித்தது. தற்காப்புக்கென அனுமதிப்பத்திரத்துடன் தனியாருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வின் பொருட்டு 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு பணித்தது. மூன்று மாதங்கள் கழிந்து, 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறையினுள்ளேயே, வழக்கறிஞர் உடையில் வந்த ஒருவன் சிறைக்கைதி ஒருவரைச் சுட்டுக்கொன்றான். அவன் ஏந்திய கைத்துப்பாக்கி, தாள்கள் குடையப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்றினுள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. முறைப்படி வாங்கியோர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கின்றனர். முறைதவறிப் பெற்றோர் நீதிமன்றத்துக்கே அதனைக் கொண்டுவருகின்றனர். இம்முரண்பாட்டைப் பற்றி அறிஞர் பலர் எழுதினர். இவ்விரு கூட்டத்திலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று மலைநாட்டில் இருப்பதைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இன்று நம் நாட்டில் துப்பாக்கியை ஆளும் சட்டத்தின் வேர், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமாகும். ஆங்கிலேயர் காலத்தது, பின்னர் திருத்தங்கள் பல கண்டது. அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பெற்ற அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். விளையாட்டுக் கழகங்களில் குறிபார்த்துச் சுடுவோர் ஒரு சிறு தொகையினர். அவரை நீக்கினால், சாதாரண மனிதனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் வாயில்கள் இரண்டே. ஒன்று தற்காப்பு, மற்றது பயிர்ப் பாதுகாப்பு. கைத்துப்பாக்கி பெரும்பாலும் முதல் வாயிலால் வருவது. உயிருக்கு ஆபத்துண்டு என்று பாதுகாப்பு அமைச்சை நம்பச் செய்யக்கூடிய அரசியல்வாதிக்கும் வணிகருக்கும் உரியது அது. இரண்டாவது வாயிலே உழவனுக்கு உரியது. காட்டு விலங்கினால் பயிர் அழிகின்றது என்று காட்டி அவன் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக் கேட்கலாம். ஆனால், காக்க வேண்டிய விளைநிலம் தனக்கு உண்டு என்பதை அவன் ஆவணத்தாற் காட்டுதல் வேண்டும்.

நியாயந்தானே என்று வாசகர் நினைக்கலாம். காக்கப் பயிர் இல்லாதவனுக்குக் காவற்கருவி எதற்கு? உண்மைதான். ஆனால், பயிர் உண்டு, நிலம் இல்லை என்றால் என்ன செய்வது? மலைநாட்டின் சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது.

லயத்தின் பின்புறத்திலும், தேயிலை மலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட சரிவிலும், ஓடைக்கரையிலும் தொழிலாளர் மரக்கறி பயிரிடுகின்றனர். போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் அவர்களுடைய சம்பளத்தின் குறையை ஓரளவேனும் நிரப்புகின்றன. ஓர் இரவில் பன்றிக் கூட்டம் இறங்கினால் மூன்று மாத உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிடும். பயிரை வைத்தவன் இவன். பசளை போட்டவன் இவன். இரவிலே தகரத்தைத் தட்டிக் கொண்டு விழித்திருப்பவனும் இவனே. ஆனால் நிலம் இவனுடையதன்று. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இரு முறையும் கைமாறிய நிலத்தில் அதனைத் திருத்திய மக்களுக்கு உரித்து எழுதப்படவில்லை. அண்மைக் காலத்தில் புதிய வீடுகளோடு சிலருக்குக் கிடைப்பது 7 பேர்ச் காணி. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்று கணக்கிட்டால் 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டையும் முற்றத்தையும் அடக்கினால் மிஞ்சுவது ஒரு கறிவேப்பிலை மரத்துக்கும் இரண்டு பாத்திக்கும் போதும். இதனைக் காட்டி விளைநிலச் சொந்தக்காரன் என்று அனுமதிப்பத்திரம் கேட்க எவன் துணிவான்?

ஆகவே, மலைநாட்டுத் தொழிலாளி துப்பாக்கிச் சட்டத்தை மீறியவனும் அல்லன். அதனால் பயன் பெற்றவனும் அல்லன். அச்சட்டத்தின் கண்ணுக்கே அவன் படவில்லை.

இம்மலைகளில் துப்பாக்கி எக்காலத்திலும் குறைந்திருந்ததில்லை. அஃது இருந்த கைதான் வேறு. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற படையதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், தம் வேட்டைக் கதைகளை நூலாகவே எழுதினார். பின்னர் துரைமார், பெருந்தோட்டக்காரர் துப்பாக்கிப் படை என்று தமக்கெனத் தனிப்படையே அமைத்துக் கொண்டனர். துரையின் பங்களாச் சுவரிலே துப்பாக்கி தொங்கியது. லயத்துச் சுவரிலே கவ்வாத்துக் கத்தி செருகியிருந்தது.

தொழிலாளி துப்பாக்கியை அறிந்தது அதன் மறுமுனையிலிருந்தே. 1940 சனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் மாண்டான். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிறருக்குப் பகிர்ந்தளிப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் மக்கள் திரண்டபோது சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தான். இரண்டாவது மரணத்தை நாம் சிறிது நின்று எண்ண வேண்டும். அவன் கேட்டது துப்பாக்கியன்று, நிலம். நிலம் கேட்டவனுக்குத் துப்பாக்கியின் குண்டு கிடைத்தது.

இனி, கடல் கடந்து கனடாவைப் பார்ப்போம். அங்கே குடியேறிய தமிழர் தொகை பெரிது. அவர்களுள் ஒருவர் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் நாட்டங்கொண்டு முதற் கைத்துப்பாக்கியை வாங்க நினைத்தால் என்ன நேரும்? அவர் முதலில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பொன்றில் அமர வேண்டும். கைத்துப்பாக்கி கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்ததாதலால் அதற்கு வேறொரு வகுப்பும் உண்டு. எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் தேற வேண்டும். அவரை அறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் மணமுறிவு, வேலையிழப்பு, மனநோய் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். வாழ்க்கைத் துணையின் கருத்தும் நாடப்படும். முதன்முறை விண்ணப்பிப்போருக்கு 28 நாட்கள் கட்டாயக் காத்திருப்பு. இவ்வளவுக்கும் பின், வாங்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் பதிவு செய்யப்படும். இப்பதிவு முறை 1934 முதல் அந்நாட்டில் உள்ளது.

இவ்வளவு கேள்விகளில் ஒன்றையேனும் கவனித்தீர்களா? எத்தனை ஏக்கர் உண்டு என்று எவரும் கேட்கவில்லை. நாட்டின் பிரசையா என்பதுகூட அங்கே தடையன்று. நிரந்தர வதிவுரிமை பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் வழிவந்தோர்க்கு இச்செய்தி விந்தையாகவே இருக்கும்.

அதே கனடா மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றது. 1989 திசம்பர் 6ஆம் திகதி மொன்றியல் நகரின் பொறியியற் கல்லூரி ஒன்றில் 14 பெண்கள் கொல்லப்பட்டதும், 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டதும் அந்நாட்டின் மனத்தை உலுக்கின. 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டன. 2023 திசம்பரில் இது சட்டமாக நிலைபெற்றது. ஒலிம்பிக் போட்டி முறைகளில் பயிலும் வீரர் போன்ற சிலருக்கே விலக்குண்டு. எனவே, எல்லாப் பரீட்சையிலும் தேறிய புதிய விளையாட்டு வீரர்க்கும் கைத்துப்பாக்கிக் கடையின் கதவு இன்று மூடியே இருக்கின்றது. நன்னடத்தையைச் சோதித்துப் பார்த்த நாடே, அச்சோதனையும் போதாது என்று கண்டிருக்கின்றது.

இவ்வாறிருக்க, மலைநாட்டு லயங்களில் துப்பாக்கிகளை நிரப்புவோம் என்று நாம் கூறப் போவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே, பிள்ளைகள் உறங்கும் பாயருகே, துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பது? மது புகுந்த வீட்டில் கணவன் கையில் ஆயுதமும் இருந்தால் மனைவியின் நிலை யாது? அவளுடைய சொல்லைக் கேட்கும் வழக்கம் நம் சட்டத்தில் உண்டா? பக்கத்து லயத்துக்கும் மெல்லிய சுவருக்கும் குண்டு வேறுபாடு அறியுமா? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் துப்பாக்கி கேட்பது பேதைமை.

ஆனால், துப்பாக்கியை மறுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று அரசாங்கம் எண்ணுவதும் பிழையே. ஏனெனில், துப்பாக்கி கிடைக்காதவன் கைகட்டி இருந்துவிடுவதில்லை. அவன் கையில் அகப்படுவது சுருக்குக் கம்பி. மோட்டார்ச் சைக்கிளின் பழைய தடைக்கம்பி ஒன்று போதும்; அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. இறைச்சி விற்பனைக்காகக் கம்பி கட்டுவோரும் உளர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் கட்டப்படும் கம்பிக்குப் பன்றியே காரணம். துப்பாக்கி ஏந்தியவன் இன்ன விலங்கு என்று கண்டு சுடலாம், கம்பிக்கோ கண்ணில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை விழுகின்றது.

இது புதிய கதையன்று. பன்றிக்கென்று புனக்காவலன் வைத்த கற்பொறியிலே புலி அகப்படும் காட்சியை நற்றிணையின் 119ஆம் பாட்டிலே காண்கின்றோம். குறிஞ்சி நிலத்தின் பழைய அவலம் மாறவில்லை. கல் போய்க் கம்பி வந்திருக்கின்றது, அவ்வளவே. 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதியின் லக்ஷபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் சிக்கியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் மூன்று நாட்களில் அது மாண்டது. நாடே அதற்காக இரங்கியது. இரங்கியது சரியே. ஆனால், அத்தகைய சுருக்கின் மறுநுனியில் யார் இருக்கின்றார், ஏன் இருக்கின்றார் என்று கேட்டோர் எத்தனை பேர்?

பொலிஸ் வழக்கும் அபராதமும் கம்பியைக் குறைக்கலாம், பன்றியைக் குறைக்கா. ஆகவே, செய்யத்தக்கவை வேறு உள. தொழிலாளி பயிரிடும் நிலத்துக்குப் பெயரும் எல்லையும் உள்ள உறுதி வழங்கப்பட வேண்டும். உறுதி இருந்தாலன்றி, பயிரழிவுக்கு நட்டஈடு கேட்கவும் வேலிக்குக் கடன் பெறவும் அவனுக்கு வாயில்லை. தனி மனிதனுக்குத் துப்பாக்கி கொடுப்பதற்கு மாறாக, தோட்டப் பிரிவுக்கொரு பயிர்க்காவற் குழுவை அரசாங்க அதிபரின் பொறுப்பில் அமைக்கலாம். அக்குழுவில் இருப்போரைத் தெரிவு செய்கையில், கனடா கேட்பது போன்ற கேள்விகளைக் கேட்கலாம்: பயிற்சி உண்டா, ஒழுக்கம் எத்தகையது, வீட்டார் என்ன சொல்கின்றனர்? துப்பாக்கி வீட்டில் அன்றி, பொதுப் பூட்டறையில் இருக்கட்டும். கம்பி கட்டாத பாத்திக்கு வேலி கட்டிக் கொடுப்பது கம்பனிக்கும் அரசுக்கும் கூட்டுப் பொறுப்பாகட்டும்.

"உனக்கு என்ன உண்டு?" என்று கேட்கும் சட்டத்தின் முன், ஒன்றுமில்லாதவன் என்றும் குற்றவாளியாகவே நிற்பான். சட்டம் அக்கேள்வியைக் கேட்கத்தான் வேண்டுமென்றால், முதலில் அவனுக்கு உரியதை அவனிடம் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.