ஆகாய விமானத்தில் ஊசியும் நூலும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது புதுச்சத்திரம். ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறும் வழிப்போக்கரை நினைவூட்டும் பெயர். இன்று அந்த வட்டாரத்து வீடுகளில் மூட்டை கட்டுகிறவர்களில் சிலர் கிளம்புவது அமெரிக்காவுக்கு. பெண்ணுக்கு அங்கே பிரசவம். தாயார் போகாமல் முடியுமா?

போய் இறங்கும் தாயாருக்கு அந்த அரசாங்கம் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கொடுக்கிறது. ஆறு மாதம் என்பது லேசான காலமா? மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார். குழந்தை தூங்கும். பெண்ணும் தூங்குவாள், தூங்கட்டும், பாவம். காரோட்டத் தெரியாதவர் தெருக்கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். கறிவேப்பிலைக்குக்கூட இன்னொருவர் தயவை எதிர்பார்க்க வேண்டிய ஊரில், தன் கையால் தொடங்கித் தன் கையாலேயே முடிக்கும் வேலை ஒன்று வேண்டாமா? அதனால்தான் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே அந்தப் பழைய பிஸ்கோத்து டப்பாவும் புறப்படுகிறது.

எந்த டப்பா என்று கேட்க மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் இருக்கிறதே! நூல்கண்டு, ஹூக்கு, பித்தான், இஞ்சி டேப், இருபது வருஷமாகக் கைக்குப் பழகிய கத்தரிக்கோல், தையல் பிரிக்கக் காகிதத்தில் சுற்றி வைத்த பாதி பிளேடு. இப்போது இளம் பெண்கள் ஆரி வேலை கற்றுக் கொள்வதால் மர கைப்பிடி போட்ட ஆரி ஊசியும் சேர்ந்திருக்கும்.

"டப்பாவைக் கைப்பையிலேயே வெச்சுக்கறேன் கண்ணு, பிளேன்ல பொழுது போகுமல்ல?" என்று ஒரு தாயார் டெலிபோனில் சொல்வதாக வைத்துக் கொள்வோம்.

"வேண்டாங்கம்மா, புடுங்கிக்குவாங்க!" என்பாள் பெண்.

பெண் சொல்வது பாதி சரி.

ஊசி நூலுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று அலுத்துக் கொள்ளுமுன் காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்திக் காந்தஹாருக்குக் கொண்டு போனார்கள். பயணி ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். 2000-ம் ஆண்டு முதல் நம் விமான நிலையங்களின் காவல் ஒவ்வொன்றாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தியவர்களிடம் இருந்தவையும் சின்னக் கத்திகளே. அதற்குப் பிறகு கூர்மையான சாமான் எதைக் கண்டாலும் உலகமே மிரண்டது. மிரட்சி மெல்லத் தெளிந்து, 2005 டிசம்பரில்தான் சிறு கத்தரிக்கோல்களை அமெரிக்கா மறுபடி கைப்பையில் அனுமதித்தது.

தெளிந்ததிலும் நாட்டுக்கு நாடு அளவு வேறு. அமெரிக்காவில் கத்தரிக்கோலின் திருகாணியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்துக்குள் இருந்தால் கையில் கொண்டு போகலாம். தையல் ஊசிக்கும் பின்னல் ஊசிக்கும் தடையில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் கத்தரிக்கோலுக்கு 6 சென்டிமீட்டர்தான் எல்லை. நம் தேசத்திலோ அளவுப் பேச்சே கிடையாது: உலோகத்தால் ஆகி, முனை கூராக இருந்தால், குட்டிக் கத்தரிக்கோலும் கைப்பையில் ஆகாது. பிளேடும் கத்தியும் கேட்கவே வேண்டாம். தையல் மெஷினுக்கான திருப்புளியும் கூடாது. ஊசி, குரோஷா விஷயத்தில் சோதனைக்கு நிற்கும் காவலர் சொல்வதே முடிவு. அவரோடு வாதாடிப் பயனில்லை. அவருக்குப் பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான். 'அமெரிக்காவில் விடுகிறார்களாம்' என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். போகிற தேசத்தின் சட்டம் புறப்படுகிற வாசலில் செல்லாது. எந்த வாசலில் நுழைகிறோமோ அந்த வாசலின் சட்டம்தான். நடுவே விமானம் மாறும் ஊரில் பெரும்பாலும் இன்னொரு சோதனையும் உண்டு. மூன்று வாசலில் இரண்டில் தப்பிய கத்தரிக்கோல் மூன்றாவதில் போய்விட்டால் போனதுதான்.

ஆகவே டப்பாவைப் பிரித்துவிடுங்கள். வெட்டுவதெல்லாம், ஆரி ஊசி உள்பட, விமானத்தின் அடிவயிற்றில் போகும் பெரிய பெட்டிக்கு. அங்கே கத்தரிக்கோலுக்குத் தடையில்லை. ஆனால் சும்மா போட்டுவிடாதீர்கள். அதிகாரிகள் சந்தேகப்பட்டால் பெட்டியைத் திறந்து துழாவுவார்கள். கையைக் கிழித்துக் கொள்வானேன்? அலகை மூடித் தடித்த துணியில் சுற்றிக் கட்டுங்கள்.

கைக்கு வரவேண்டியது வேலை. துணியை வீட்டிலேயே வெட்டித் தயார் செய்துவிடலாம். குழந்தைக்கு நாலு ஜபலா, இரண்டு குல்லா, ஓரம் மடித்துத் தைக்க வேண்டியது மட்டும் பாக்கி என்ற நிலையில் எடுத்துப் போங்கள். நூலையும் முழ நீளத்தில் வெட்டி அட்டையில் சுற்றிக் கொண்டால் கத்தரிக்கோலே தேவைப்படாது. அப்படியும் வெட்ட வேண்டுமென்றால் மடக்குக் கத்தி இல்லாத சாதாரண நகவெட்டி நூலை அழகாக வெட்டும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய நூல் விற்கிறார்களே, அந்தச் சின்ன டப்பாவின் மூடிக்குள் ஒரு தகட்டுப் பல் இருக்கிறது. மேல்நாட்டுத் தையல்காரிகள் கண்டுபிடித்த யுக்தி அது, கெட்டிக்காரிகள்! ஆனால் பெண்டன்ட் மாதிரி வட்டமாக ஒரு நூல்வெட்டி கிடைக்கிறது, பார்க்க நகை போல. உள்ளே பிளேடு மறைந்திருப்பதால் அதை அமெரிக்காவிலும் கைப்பையில் விடுவதில்லை.

பிரயாணத்துக்கு எது ஏற்றது என்றால், என் ஓட்டு குரோஷாவுக்கே. ஒரே ஊசி, அதுவும் முனை மழுங்கியது. மூங்கிலிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. காவலர் வாங்கி வைத்துக் கொண்டாலும் ஒரே ஒரு கண்ணிதான் நழுவும். இரட்டை ஊசிக் கம்பளிப் பின்னலில் ஊசி போனால் நூறு கண்ணியும் சரிந்து ஒரு வாரத்து உழைப்பு அவிழும். பின்னல்தான் வேண்டுமென்கிறவர்கள், வேறு நிற நூல் ஒன்றைக் கடைசி வரிசைக் கண்ணிகளில் ஓட்டி வைத்துக் கொண்டு வாசலுக்குப் போகட்டும்.

விமானம் குலுங்கும்போது ஊசியைத் துணியில் குத்தி மடியில் வைத்துவிட வேண்டும். கீழே விழுந்த ஊசியை அந்த இருட்டில் தேடுவது ஆகாத காரியம். அடுத்து அந்த ஆசனத்தில் ஒரு குழந்தை உட்காரலாம். விளக்கு வைத்த பிறகு ஊசி கைமாறக் கூடாது என்கிற பாட்டிமார், ஆகாயத்தில் விளக்கு எப்போது வைக்கிறார்கள் என்பதை விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டுக் கொள்ளட்டும்.

தையல் மெஷினையே கொண்டு போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தடையில்லை, ஆனால் வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. இங்கே வாங்கிய மோட்டார் அங்கே சரியாக ஓடாது. மெஷின் எண்ணெயும் அங்கேயே கிடைக்கும்.

திரும்பி வரும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். சேலத்து விமான நிலையம் ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-ல் திறந்து, விமானம் இல்லாமல் பல வருஷம் கிடந்து, 2018-ல் சென்னை விமானம் வந்து, அதுவும் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி உயிர் பெற்றது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர் சென்னையில் இறங்கிச் சேலத்துக்கு வேறு விமானம் ஏறுவதானால், அங்கே நம் நாட்டுச் சோதனை புதிதாக ஆரம்பிக்கும். அத்தனை ஆயிரம் மைல் கைப்பையில் பத்திரமாக வந்த கத்தரிக்கோல், வீட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பறிபோகும். சுங்கச் சோதனைக்காகப் பெரிய பெட்டி உங்கள் கைக்கு வருமல்லவா? அதை மறுபடி ஒப்படைக்குமுன் கத்தரிக்கோலை எடுத்து அதற்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.