முதல் வகுப்புக்கு மட்டும் டிக்கெட்டா?

நம் நாட்டின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ந் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். பேசியவருக்கும் கட்டணம், கேட்டவருக்கும் கட்டணம். அதுவும் நிமிடத்துக்கு 8 ரூபாய்க்கு மேல்! முதல்வரும் அமைச்சரும் பேசிக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் அம்மாவிடம் நாம் பேச முடியுமா? வெளியூர்த் தமிழர்களுக்கு அன்று கைகொடுத்தது எஸ்.டி.டி. பூத்தும் இரவு நேரச் சலுகைக் கட்டணமும்தான்.

எதிர்முனையில் எடுக்க ஆள் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த போனும் வெறும் பெட்டிதான். 2003-ல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டு நோக்கியா 1100 வந்தது. தூசி புகாத பொத்தான்கள், மின்வெட்டுக்கு ஒரு டார்ச் விளக்கு. சாமானியரை நினைத்துச் செய்த அந்தக் கருவி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அம்மாவின் கைக்குப் போன் வந்தது இப்படித்தான்.

2008-ல் ஐபோன் இங்கே 31,000 ரூபாய்க்கு வந்தது. நல்ல கருவி, அந்த நிறுவனத்துக்கு லாபத்திலும் குறைவில்லை. ஆனால் 2016-ல் வந்த யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் காய்கறி வண்டி வரை போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள். வாங்குபவரிடம் மட்டும் வசதி இருந்து என்ன பயன்? விற்பவரிடமும் இருக்க வேண்டாமா? இல்லையென்றால் ஐபோன்காரரும் சில்லறைதான் தேட வேண்டும்.

விலை உயர்ந்த பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுமை முதலில் வசதியுள்ளவர் வீட்டுக்குத்தான் வரும். அங்கேயே நின்றுவிட்டால் லாபம் வரலாம், நாடு மாறாது.

ரயில்வேயில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1977-ல் அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின் மரப்பலகை மேல் இரண்டு அங்குல மெத்தை போடச் செய்தார். முதல் வகுப்புக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் இரண்டு இரவு பயணம் செய்து ஊருக்குப் போகும் லட்சக்கணக்கானவர்களின் முதுகு பிழைத்தது.

நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய கருவிகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏ.சி. பெட்டியை அழகாகச் செய்யுங்கள், தவறில்லை. அதே வண்டியில் பொதுப் பெட்டியும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.