இல்லாத விரல்களின் ஓசை

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பாஸ் கிடார் கலைஞரை எங்கே போய்த் தேடுவது? காலை பத்து மணிக்குள் முப்பது விநாடி விளம்பரப் படம் ஒன்றுக்கு இசை தயாராக வேண்டும். தயாரிப்பாளர் ஒதுக்கியிருக்கும் தொகை ஒலிப்பதிவுக்கூட வாடகைக்கே காணாது. ஆகவே இசையமைக்கும் இளைஞர் தன் படுக்கையறையில், கணிப்பொறித் திரையில் ஒரு பாஸ் கிடாரை வரவழைத்து, கீபோர்டில் இடது கையால் வாசித்து முடித்துவிடுகிறார். சுருதி பிசகவில்லை, தாளம் தப்பவில்லை. யாரோ ஒருவர் நிஜக் கிடாரில் நிஜ விரலால் மீட்டிப் பதிவு செய்து வைத்த ஒலிதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. இருந்தும், கேட்பவர் எட்டாவது நொடியில் சொல்லிவிடுகிறார்: "கீபோர்டுதானே இது?"

ஒவ்வொரு ஸ்வரமும் அசல்; சேர்த்துக் கேட்டால் போலி. இந்தப் புதிருக்கு விடை தேடித்தான் கடந்த கால் நூற்றாண்டாக மென்பொருள் நிறுவனங்கள் சில மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன.

சாம்பிள் என்பது ஒலித்துண்டு. பாஸ் கிடாரின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே மீட்டிப் பதிவு செய்து, கீபோர்டின் ஒவ்வொரு விசைக்கும் ஒன்றாகக் கட்டிவைப்பது அடிப்படை வேலை. கேட்க எளிது. கணக்குப் போட்டால்தான் தலை சுற்றும். கிடாரில் நான்கு தந்திகள். தந்திக்கு இருபது ஃப்ரெட்டுகள் (வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்), எதையும் அழுத்தாத திறந்த தந்தி ஒன்று, ஆக இருபத்தொன்று. நான்கு தந்திக்கு 84 இடங்கள். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, மிகப் பலமாக மீட்டினால் 336. ஒவ்வொன்றையும் நான்கு தடவை மீட்டினால் 1,344. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் தனித்தனி என்றால் 2,688. வழுக்கல்கள், உரசல்கள், கட்டைவிரல் அடிகள் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஒரே ஸ்வரத்தை ஏன் நான்கு தடவை மீட்ட வேண்டும்? மனிதனால் ஒரு தந்தியை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி மீட்ட முடியாது என்பதால். கணிப்பொறியோ ஒரே துண்டை எட்டு முறை ஒலிக்கச் சொன்னால் எட்டு முறையும் அணு பிசகாமல் ஒலிக்கும். காது இதை உடனே கண்டுகொள்ளும். இயந்திரத் துப்பாக்கி என்றே இந்தக் கோளாறுக்குத் தொழிலில் பெயர். நான்கு துண்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிடுவது இதற்கு வைத்தியம்.

ஆனால் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே போனால் மட்டும் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. சிக்கல் பெரும்பாலும் கீபோர்டில் வாசிக்கும் கையில் இருக்கிறது. கீபோர்டில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே இடம்தான். கிடாரில் அப்படியில்லை. 82 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஸ்வரத்தைத் தடித்த முதல் தந்தியின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் மீட்டலாம். அடுத்த தந்தியின் ஏழாவதிலும் மீட்டலாம். அதற்கடுத்த தந்தியின் இரண்டாவதிலும் மீட்டலாம். உயரம் ஒன்றுதான், குணம் வேறு. தடித்த தந்தியின் மேலே கனத்து மங்கலாக வரும். மெல்லிய தந்தியின் கீழே தெளிந்து வரும். கலைஞனின் இடது கை எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கிருந்து எட்டுகிற தூரத்தில்தான் அடுத்த ஸ்வரம் பிறக்கும். தொலைவில் இருந்தால் கை நகர வேண்டும். நகர்கிற நேரத்துக்கு ஒரு சிறு வெற்றிடம் விழும், அல்லது தந்தி மேல் விரல் வழுக்கும் ஓசை கேட்கும். கீபோர்டுக்காரருக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவருடைய சௌகரியமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆகவே நல்ல மென்பொருள்கள் திரையில் ஒரு கிடார்க் கழுத்தைப் படமாகக் காட்டி, கற்பனைக் கை எங்கே நிற்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஆனால் கிடாரைக் கையில் எடுத்தே பழகாதவருக்கு அந்தப் படம் அலங்காரம்தான்.

அடுத்தது ஸ்வரத்தின் முடிவு. பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. கீபோர்டு வாசிப்பவரின் கவனமெல்லாம் ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான். பாஸ் வாசிப்பவருக்கோ அது எப்போது நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். இடது கை விரலைச் சற்றே தளர்த்தினால் ஸ்வரம் சாகும். டிரம்மில் கிக்கின் கனத்த அடி விழும்போது பிறந்து, ஸ்னேர் அடி விழும் நொடியில் வாயை மூடிக்கொள்ளும் பாஸ் ஒன்று. அந்த அடியைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகும் பாஸ் இன்னொன்று. ஸ்வரங்கள் ஒன்றேயானாலும் பாட்டின் நடை மாறிவிடும். திரையில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு கோடாகத் தெரிகிறது. அந்தக் கோட்டின் வால் நுனியைப் பிடித்து நீட்டியும் குறுக்கியும் ஒருவர் அரை மணி நேரம் செலவழித்தால், புதிதாக ஒரு மென்பொருள் வாங்குவதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

விசையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதை 1 முதல் 127 வரையிலான எண்ணாகக் குறிப்பது 1983இல் வந்த மிடி என்ற பொது ஏற்பாடு. உணர்ச்சிவசப்பட்ட இளைஞர்கள் எல்லாவற்றையும் 127இலேயே அடித்துத் தள்ளுகிறார்கள். விளைவு, கிடாரைக் கொலை செய்வதுபோல் தந்தி ஃப்ரெட்டில் மோதும் துண்டே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அனுபவசாலிகள் நடுத்தரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ ஓரிடத்தில்தான் மேலே போகிறார்கள். ஊமைத் தட்டு என்று ஒன்றும் உண்டு: தந்தியை அழுத்தாமல் இடது கையை மேலே வைத்துக்கொண்டு மீட்டினால் சுருதியில்லாத ஒரு "டப்" கேட்கும். பாட்டோடு கேட்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும்.

இப்படி ஊமைத் தட்டுக்கும் வழுக்கலுக்கும் மென்பொருளிடம் எப்படிக் கட்டளையிடுவது? இங்கே ஓர் அழகான தற்செயல். நான்கு தந்திப் பாஸின் ஆகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். முழு நீளக் கீபோர்டில் அதற்கும் கீழே சில விசைகள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் கட்டளைகளைப் பொருத்திவிட்டார்கள். ஒன்றை அழுத்தினால் அடுத்த ஸ்வரம் வழுக்கி வரும். இன்னொன்றை அழுத்தினால் ஊமைத் தட்டு.

அந்த 41 ஹெர்ட்ஸ் பற்றி இன்னொன்று. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஆனாலும் நமக்குப் பாஸ் கேட்கிறது. மேலே உள்ள உப அதிர்வுகளை வைத்து, இல்லாத அடித்தளத்தைக் காது ஊகித்துக்கொள்கிறது. விரல் உரசலும் தந்தியின் சிலம்பலும் அந்த மேல் பகுதியில்தான் வாழ்கின்றன. பல காலம் ஒலிப்பதிவாளர்கள் அழுக்கு என்று நீக்கப் பாடுபட்ட ஓசைகளை, இன்று மென்பொருள் நிறுவனங்கள் மெனக்கெட்டுப் பதிவு செய்து, கூட்டவும் குறைக்கவும் தனித் திருகு வைத்து விற்கின்றன.

இந்த இடத்துக்கு வந்து சேர நாளாயிற்று. லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பாஸை 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1979இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஃபேர்லைட் என்ற சாம்பிள் இயந்திரத்தில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம். ஒரு விநாடி ஒலிக்கே திண்டாட்டம். 1988இல் வந்த கோர்க் எம்1 கீபோர்டில் எல்லா வாத்தியங்களுக்குமாகச் சேர்த்து நான்கு மெகாபைட். 1998இல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் துண்டுகளை ஹார்டு டிஸ்கிலிருந்தே நேரடியாக எடுத்து ஒலிக்கும் வழியைக் கண்டபிறகுதான் நினைவகப் பஞ்சம் தீர்ந்தது. 2009இல் ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிரிலியன், பாஸுக்கென்றே 34 கிகாபைட்.

இதில் எம்1 கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 1990களில் அமெரிக்காவையே சிரிக்கவைத்த 'சைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையில் கேட்கும் துள்ளல் பாஸ், அந்தக் கீபோர்டில் ஜோனாதன் உல்ஃப் வாசித்தது. நிஜம் என்று அது யாரையும் ஏமாற்ற முயலவில்லை. நகைச்சுவையாளரின் பேச்சு வாரத்துக்கு வாரம் நீளம் மாறும். அதற்கேற்ப இசையையும் ஒவ்வொரு முறையும் வெட்டித் தைக்க வேண்டும். அந்த வேலைக்குக் கீபோர்டே தோது. போலி என்று தெரிந்தே மக்கள் அதை நேசித்தார்கள். நிஜம்போல் இருப்பது எல்லாப் பாட்டுக்கும் தேவையில்லை என்பதை இந்தத் துறையின் விளம்பரங்கள் ஒருபோதும் சொல்வதில்லை.

தேவைப்படுகிற பாட்டுக்கு யாரைப் பின்பற்றுவது? பாஸ் உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக 1960களில் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்குப் பாஸ் வாசித்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். தந்திகளை மாற்றமாட்டார்; அழுக்கேறிய பழந்தந்தியில்தான் அவருடைய நாதம் இருந்தது. கிடாரின் பாலத்தருகே இருந்த பஞ்சு ஒலியை அடக்கிவைத்தது. இவை எல்லாவற்றையும் சாம்பிள் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் கையை எட்டவைக்க வேண்டியில்லாமல் திறந்த தந்தியை வழியில் ஒரு படியாக மிதித்துவிட்டுப் போவாரே, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சிறு ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்புவாரே, அது எந்தத் துண்டிலும் இல்லை. அதை ஒருவர் யோசித்தாக வேண்டும்.

அந்த ஜேமர்சனின் பெயர் பல ஆண்டுகளாக இசைத்தட்டு உறைகளில் வரவேயில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளியானபோதுதான் அச்சேறியது. 1983இல், 47 வயதில் இறந்தார். ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் இடம் கிடைத்தது 2000இல். கணிப்பொறி வந்துதான் பாஸ் கலைஞரை முகமற்றவராக ஆக்கியது என்று புலம்புகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

இந்தியத் திரையிசையிலும் கதை அதிகம் வேறல்ல. இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ், அடியில் ஓடும் தனி மெட்டாகவே எழுதப்பட்டது. தாளில் அவர் எழுதிய குறிப்புகளைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். பாட்டுகளை வரிக்கு வரி அறிந்த ரசிகர்களிலும் அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. அதே இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணிப்பொறி இசையையும் கையாண்டார் என்பது கவனிக்கத்தக்கது. கீபோர்டும் கணிப்பொறியும் கைவந்த ஏ. ஆர். ரஹ்மானோ, வேண்டிய ஒலியை இயந்திரத்திலேயே வரவழைக்கக்கூடியவர். ஆனாலும் கீத் பீட்டர்ஸ் என்ற பாஸ் கலைஞரை ஆண்டுக்கணக்கில் அழைத்துக்கொண்டிருந்தார், வாசித்தவர்களின் பெயர்களை உறையிலும் அச்சிட்டார்.

பயம் இல்லாமலில்லை. 1982இலேயே பிரிட்டன் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களுக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. தடை வரவில்லை, வேலை போயிற்று. சாம்பிளுக்காக வாசித்துக் கொடுக்கும் கலைஞரின் நிலை இன்னும் விசித்திரம். இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகளை அலுக்காமல் மீட்டிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போன பிறகு, அவருடைய விரல் உலகெங்கும் இரவும் பகலும் வேலை செய்கிறது. அதற்கு ஒரு தடவைக் கூலியா, விற்பனையில் பங்கா என்பது அவர் கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. அந்தத் துண்டுகளும் தேவையில்லை என்று 2016இல் வந்தது மோடோ பாஸ்: தந்தியின் அதிர்வைக் கணிதச் சமன்பாடுகளாலேயே உண்டாக்கும் இத்தாலிய மென்பொருள். 2020இல் வந்த ஈஸிபாஸ் என்ற ஸ்வீடன் சரக்கு, டிரம் வரியைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் பாஸ் வரியையும் தானே முன்மொழிகிறது. ஜேமர்சன் தனக்கென்று வைத்திருந்த பகுதியிலும் இப்போது கை வைத்தாயிற்று.

நிஜக் கலைஞர்கள் இன்னும் அழைக்கப்படுகிறார்கள். பணம் இருக்கிற படங்களுக்கு. ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் முதலில் கேட்க வேண்டியிருப்பது கணிப்பொறி வாசித்த மாதிரிப் பதிவை. மூன்று வாரமாகக் காரிலும் வீட்டிலும் அதையே கேட்டுக் காது பழகிப்போன இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "அதே மாதிரி வாசிச்சுடுங்க சார், போதும்" என்கிறார். கலைஞர் சொன்னபடி ஒரு முறை வாசிக்கிறார். பிறகு, நாடா ஓடிக்கொண்டிருந்த காலத்துப் பழக்கத்தில், தன் விருப்பப்படி இன்னொரு முறையும் வாசித்துவிட்டுக் கிடாரை உறைக்குள் போடுகிறார். இரண்டில் எது படத்தில் வரும் என்பது அடுத்த நாள், அவர் இல்லாத அறையில் முடிவாகும்.