மோசடிக்கு ஓர் இனத்தின் பெயரா?

அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஜிப்' என்றொரு வினைச்சொல் புழங்குகிறது. விலையில் ஏமாற்றுவது, சேரவேண்டிய காசைக் கொடுக்காமல் விடுவது என்று பொருள். அந்தச் சொல் நமக்கு வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய அது 'ஜிப்சி' என்பதன் சுருக்கமாகவே இருக்கவேண்டும் என்று அகராதிகள் கருதுகின்றன. ஜிப்சி என்பதே ரோமா மக்களுக்குப் பிறர் சூட்டிய பிழையான பெயர். ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்களை எகிப்தியர் என்று ஐரோப்பியர் தவறாக எண்ணியதால் வந்த பெயர் அது.

"சொல்கிறவர் மனத்தில் ரோமா மக்களே இல்லையே, எப்படிக் குற்றமாகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்கிறவருக்கு அந்த நோக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'இவர்கள் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள்' என்ற பழி என்ன செய்தது என்பதைப் பார்க்கவேண்டும். நாஜிகள் ரோமா மக்களையும் அவர்களின் ஒரு கிளையான சின்டி மக்களையும் லட்சக்கணக்கில் கொன்றார்கள். போர் முடிந்தபின் உயிர் தப்பியவர்கள் இழப்பீடு கேட்டபோது, மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956இல் கையை விரித்தது. 1943க்கு முந்தைய நாஜி நடவடிக்கைகள் இனவெறியால் நேர்ந்தவை அல்ல என்றது. இம்மக்கள் திருட்டுக்கும் மோசடிக்கும் சாய்வுடையவர்கள் என்று தீர்ப்பிலேயே எழுதியது. பேச்சில் கிடந்த வசவு சட்டத்தின் வாயிலும் அப்படியே வந்தது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமைப் பணம் அதன் பேரில் மறுக்கப்பட்டது. யார் யாரை ஏமாற்றினார்கள்? நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 1982 வரை ஆயிற்று.

சொற்பிறப்பு நூறு சதவீதம் உறுதியில்லையே என்பது இன்னொரு வாதம். பிரிட்டனில் வலியைக் குறிக்கும் 'ஜிப்' வேறு. கேம்பிரிட்ஜில் கல்லூரிப் பணியாளரைக் குறித்த 'ஜிப்'பும் வேறாக இருக்கலாம். இங்கே பேச்சு அவற்றைப் பற்றியதல்ல. ஏமாற்றைக் குறிக்கும் சொல்லையோ ரோமா மக்கள் தம்மீது எறியப்பட்ட வசையாகவே கேட்கிறார்கள். எறியப்படுகிறவரின் காதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

இது நமக்குத் தொலைதூரச் செய்தியும் அல்ல. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பின்னர் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, பிறப்பையே குற்றமாக்கியது; நாடு முழுவதும் அது 1952இல்தான் நீங்கியது. அந்தப் பழியைச் சுமந்த குடும்பங்கள் நம் ஊர்களில் இன்றும் உள்ளன. ஏமாற்றைச் சொல்ல ஆங்கிலத்தில் 'சீட்', 'ஸ்விண்டில்' எனச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களே, 'ஜிப்' பாடத்தில் எதிர்ப்பட்டால் பொருளோடு நிறுத்தாமல் அதன் வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.